டெங்கு எதிர்ப்பொருளை அளக்கும் நான்கு சோதனைகள்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

ஒருவருடைய சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், டெங்கு வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறதா என்ற கேள்விக்கு, நிற மாற்றத்தைக் கொண்டு எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை சில மணி நேரத்தில் விடை தந்துவிடும். ஆனால் அந்த எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றிக்கொண்டபின் அது செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறதா, அல்லது சும்மா ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண உயிருள்ள செல்லும், தொற்றும் திறன் கெடாத வைரஸும், சில நாள் பொறுமையும் தேவை. இந்த வேலையைச் செய்வதற்கு ஆய்வகங்களில் இன்று பரவலாகப் புழங்கும் முறைகள் நான்கு. அவற்றுள் எதற்குக் காசும் நேரமும் செலவழிக்கலாம், எது தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான்கையும் வெவ்வேறு காலங்களில் அன்றாட வேலையாகவே செய்திருப்பதால், கண்டதைக் கண்டபடி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிளேக் குறைப்பு முடக்கச் சோதனை; ஆய்வகப் பேச்சில் பி.ஆர்.என்.டி. பிளேக் என்பது செல்விரிப்பில் வைரஸ் தின்று போட்ட ஓட்டை. விலங்கு வைரஸ்களைப் பிளேக் கொண்டு எண்ணும் முறையை ரெனாட்டோ டல்பெக்கோ 1952இல் வெளியிட்டார். அதை டெங்கு எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையாக ரஸ்ஸல், நிசாலக் ஆகியோர் 1967இல் வகுத்துத் தந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் இதற்கென வழிகாட்டி நூல் ஒன்றையே வெளியிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் தடுப்பூசி ஆய்வுகள் இதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன என்பதிலிருந்து இதன் மதிப்பு தெரியும். இதன் தொல்லையும் அதே காலமாக மாறவில்லை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

செய்முறை சொல்வதற்கு எளிது. சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அதிலுள்ள காம்ப்ளிமென்ட் எனப்படும் தற்காப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பிறகு 1:10இல் தொடங்கி இரண்டிரண்டு மடங்காகவோ நான்கு நான்கு மடங்காகவோ நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு நீர்த்தலுடனும் எண்ணி அளந்த வைரஸைச் சம அளவில் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அந்தக் கலவையை, வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்கள் ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் குழிகளில் ஊற்றி, வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ள இன்னொரு மணி நேரம் விட்டு, அதன்மேல் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற கெட்டியான கரைசலை ஊற்றி மூடிவிட வேண்டும். ஒரு செல்லிலிருந்து வெளிவரும் வைரஸ் நீந்திப் போய் எங்கோ இருக்கும் செல்லைப் பிடிக்காமல், பக்கத்துச் செல்லை மட்டுமே பிடிக்க வைப்பதுதான் இந்த மேலடுக்கின் வேலை. ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மேலடுக்கைக் கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றினால், உயிரோடு இருந்த செல்கள் ஊதாவாகவும், செத்துப்போன இடங்கள் வெள்ளை வட்டங்களாகவும் தெரியும். சீரம் இல்லாத குழியில் 40 வட்டம் இருந்து, 1:160 நீர்த்தலில் 20 வட்டம் இருந்தால், அந்தச் சீரத்தின் 50 சதவீத டைட்டர், அதாவது வைரஸைப் பாதியாக்கும் நீர்த்தலின் எண், 160.

இந்த எண்ணிலேயே முதல் கண்ணி இருக்கிறது. 1:160 நீர்த்த சீரத்தோடு அதே அளவு வைரஸ் கரைசலைக் கலக்கும்போது சீரத்தின் உண்மையான நீர்த்தல் 1:320 ஆகிவிடுகிறது. சில ஆய்வகங்கள் வைரஸ் சேர்க்கும் முன்பிருந்த எண்ணை எழுதுகின்றன, சில சேர்த்தபின் வரும் எண்ணை எழுதுகின்றன. இரண்டும் சரிதான். எதை எழுதினோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர், ஒன்றில் எதிர்ப்பு இரண்டு மடங்கு வலுவாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார். வைரஸோ மனித உடலோ உண்டாக்காத, எழுதுகோல் உண்டாக்கிய வேறுபாடு அது.

பி.ஆர்.என்.டி.யின் பெரிய பலம், கண்ணால் பார்த்து எண்ணலாம் என்பது. வெளிச்சப் பெட்டியின்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்து, குழியின் அடிப்புறத்தில் பேனாவால் ஒவ்வொரு வட்டத்தையும் புள்ளியிட்டு எண்ணும்போது, அந்த வட்டத்தின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, இரண்டு வட்டம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா, செல்விரிப்பே அங்கே பலவீனமாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எந்த இயந்திரமும் இடையில் நின்று நமக்காக முடிவெடுப்பதில்லை. ஒருமுறை அகரோஸ் மேலடுக்கை ஆற விடாமல் அவசரப்பட்டு ஊற்றிவிட்டேன். ஏழு நாள் கழித்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் ஒரே இடத்தில், பிப்பெட் முனையிலிருந்து திரவம் விழுந்த இடத்தில், காசு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். வைரஸே போடாத குழிகளிலும் அதே வட்டம் இருந்ததால் என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. குழி முழுவதற்கும் ஒரே ஓர் எண்ணைத் தரும் கருவியாக இருந்திருந்தால், அதை நான் தொற்று என்றே எழுதியிருக்கக்கூடும்.

குறைகளுக்கு வருவோம். டெங்குவுக்கு நான்கு வகைகள். ஒரு சீரத்தை நான்கிற்கும் எதிராக, ஆறு நீர்த்தல்களில், இரட்டைக் குழிகளில் சோதித்தால் 48 குழிகள் ஆகின்றன. 24 குழித் தட்டென்றால் ஒரு சீரத்துக்கு இரண்டு தட்டு, நூறு சீரத்துக்கு இருநூறு தட்டு. கட்டுப்பாட்டுக் குழிகள் இதில் சேரவில்லை. அத்தனையையும் ஒரு வாரம் சமமான வெப்பத்தில், ஆடாமல் அசையாமல் வைத்திருக்க இன்குபேட்டரில் இடம் வேண்டும். இடையில் யாராவது தட்டைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டால் வட்டங்கள் வால்நட்சத்திரம் போல நீண்டுவிடும். இதைவிட முக்கியமான குறை, நோயாளியிடமிருந்து எடுத்த புதிய வைரஸ் பல நேரங்களில் வீரோ செல்லில் தெளிவான பிளேக் போடாது என்பது. அதனால் பிளேக் நன்றாகப் போடும், ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்ந்து பழகிய ரகங்களையே எல்லோரும் நாடுகிறார்கள். 1944இல் கிடைத்த நியூகினி சி, 1964இல் தாய்லாந்தில் கிடைத்த 16681 ஆகியவை டெங்கு 2க்கு இன்றும் புழக்கத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று ஊரில் சுற்றும் வைரஸை நம் எதிர்ப்பொருள் முடக்குமா என்ற கேள்விக்கு, எப்போதோ பிடித்துக் குப்பியில் அடைத்த வைரஸ் பதில் சொல்கிறது.

எண்ணிக்கையின் நிச்சயமின்மையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு குழியில் சராசரியாக 40 பிளேக் வர வேண்டும் என்றால், எந்தத் தவறும் செய்யாமலே அது 34 ஆகவும் 46 ஆகவும் வரும்; 40இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6 என்பதே அதற்குக் கணக்கு. 50 சதவீதக் கோட்டில் 20 பிளேக்கை எண்ணுகிறோம், 90 சதவீதக் கோட்டில் வெறும் 4 பிளேக்கை எண்ணுகிறோம். நான்கு என்பது இரண்டாகவும் ஆறாகவும் ஆவது சாதாரணம். ஆகவே 50 சதவீத டைட்டர் திரும்பத் திரும்பச் செய்தாலும் நிலையாக வரும். 90 சதவீத டைட்டர் அலையும். அப்படியிருந்தும், டெங்குவும் அதன் உறவு வைரஸ்களும் பலவாகப் பரவியிருக்கும் இடங்களில் 90 சதவீதக் கோட்டைச் சிலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. உறவு வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் அரைகுறையாகக் குறுக்கிட்டு 50 சதவீதத்தை எளிதில் எட்டிவிடும். 90ஐ எட்டுவது அதற்குக் கடினம். நிலைத்தன்மை வேண்டுமா, துல்லியமான அடையாளம் வேண்டுமா என்பதைத் தட்டை எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை குவியக் குறைப்புச் சோதனை, எஃப்.ஆர்.என்.டி. நான் தினமும் கையாள்வது இதைத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தத்துவம் அதே, ஆனால் செல் சாகும்வரை காத்திருப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று நாளில் செல்களை வேதிப்பொருளால் அப்படியே நிலைப்படுத்தி, துளையிட்டு, டெங்குவின் உறைப்புரதத்தைப் பிடிக்கும் 4ஜி2 என்ற சுண்டெலி எதிர்ப்பொருளை ஊற்றி, அதன்மேல் பெராக்சிடேஸ் நொதி கட்டிய இன்னோர் எதிர்ப்பொருளை ஊற்றி, நிறம் தரும் கரைசலைச் சேர்த்தால், தொற்றிய செல்கள் கூட்டம் கூட்டமாக நீலப் புள்ளிகளாகத் தெரியும்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு குவியம். 4ஜி2 உறைப்புரதத்தின் இணைவு வளையம் என்ற பகுதியைப் பிடிக்கிறது. அப்பகுதி ஃபிளேவி வைரஸ் குடும்பம் முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், நான்கு டெங்கு வகைக்கும் ஜிகாவுக்கும் ஒரே சாயம் போதும். செல்லைக் கொல்லாத வைரஸையும் எண்ணலாம் என்பதால், பிளேக் போட மறுக்கும் புதிய ரகங்களுக்கும் இங்கே இடமுண்டு. 96 குழித் தட்டில் செய்வதால் மேலே சொன்ன 48 குழிக் கணக்கு அரைத் தட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சீரமும் மிகக் குறைவாகவே செலவாகிறது. குழந்தைகளிடமிருந்து எடுத்த சிறு மாதிரிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

புள்ளிகளை எண்ணும் இயந்திரத்தை மட்டும் முழுதாக நம்பிவிடக் கூடாது. தூசு இழை ஒன்று குழியில் கிடந்தால் அதையும் ஒரு குவியமாக எண்ணும். ஒட்டிக்கொண்ட இரண்டு குவியத்தை ஒன்றாக எண்ணும். தட்டை எடுத்துப் போகும்போது லேசாகச் சுழன்று புள்ளிகள் எல்லாம் விளிம்பில் சேர்ந்திருந்தால் பாதியை விட்டுவிடும். ஒவ்வொரு குழியின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தபின்பே எண்ணை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு தட்டுக்கு இதற்கு கால்மணி நேரம் ஆகிறது. இந்தக் கால்மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்களின் தரவுகளில்தான், ஒரு நீர்த்தலில் முடக்கம் 80 சதவீதமாகவும், அடுத்ததில் 30ஆகவும், அதற்கடுத்ததில் மறுபடி 75ஆகவும் ஏறி இறங்கும் வரைகோடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஓட்ட செல்லளவி கொண்டு செய்வது. தொற்றிய செல்களுக்கு ஒளிரும் சாயம் கட்டி, ஒவ்வொரு செல்லாக லேசர் கதிரின் குறுக்கே ஓடவிட்டு, எத்தனை சதவீதம் ஒளிர்கிறது என்று எண்ணும் முறை இது. மனித யு937 செல்களில் வைரஸ் பற்றிக்கொள்ளும் டிசி சைன் என்ற ஏற்பியைப் பொருத்தி டெங்குவுக்கு இதைப் பயன்படுத்தும் முறை 2007இல் வெளிவந்தது. ஒரே நாளில் முடிவு, ஆயிரக்கணக்கான செல்களின் எண்ணிக்கை, கண் வலி கிடையாது; வசதிகள் இவ்வளவும் உண்மைதான். செல்லளவி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் வைரஸின் அளவில் கவனம் தேவை. சீரம் இல்லாத குழியில் 10, 15 சதவீதச் செல்கள் மட்டும் தொற்றும்படி வைரஸைக் கட்டுப்படுத்தவில்லை என்றால் அளவீடு மழுங்கிவிடும். ஒரு செல்லுக்குள் இரண்டு வைரஸ் நுழைந்தாலும் கருவி அதை ஒரு செல்லாகத்தான் எண்ணும். ஆகவே வைரஸ் மிகுந்தால், பாதி வைரஸ் முடங்கியபின்பும் தொற்றிய செல்களின் சதவீதம் அதே அளவுக்குக் குறைவதில்லை. எதிர்ப்பொருள் பலவீனம் என்று அறிக்கை எழுதுவோம். உண்மையில் வைரஸை அதிகமாக ஊற்றியது நம் கை.

நான்காவது, அறிவிப்பு வைரஸ் துகள்கள். இவை உண்மையான டெங்கு வைரஸ் அல்ல. உறைப்புரதங்கள் டெங்குவுடையவை; உள்ளே இருப்பது பச்சையாக ஒளிரும் புரதத்தையோ, ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸையோ உண்டாக்கும், கட்டமைப்பு மரபணுக்கள் நீக்கப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ. துகள் ஒரு செல்லுக்குள் நுழையும், ஒளிரும், அத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து புதிய வைரஸ் வெளிவராது. மேற்கு நைல் வைரஸின் மரபுப் பொருளை உள்ளே வைத்து இத்தகைய துகள்களைச் செய்யும் முறை 2006 வாக்கில் நன்கு நிலைபெற்றது. பாதுகாப்பு, வேகம், எந்த வகையின் உறையையும் மரபணு வரிசையைப் பார்த்து உருவாக்கிக்கொள்ளும் வசதி ஆகிய மூன்றிலும் இது மற்ற மூன்றையும் மிஞ்சுகிறது. உறைப்புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, அந்த இடத்தை எதிர்ப்பொருள் பிடிக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆயினும் இதைப் பயன்படுத்தத் தொடங்கியபின்தான், முடக்கச் சோதனை என்பதே எவ்வளவு நெளிவு சுளிவான விஷயம் என்று எனக்குப் புரிந்தது. டெங்கு வைரஸ் செல்லைவிட்டு வெளியேறும்போது, அதன் உறைப்புரதத்தின்மேல் மூடிபோல் இருக்கும் பிஆர்எம் புரதத்தை ஃபூரின் என்ற நொதி வெட்டிவிட வேண்டும். வெட்டு முழுமையாக நடந்தால் முதிர்ந்த துகள். நடக்காவிட்டால் முதிராத துகள். பாதியில் நின்றால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருக்கும் இரண்டுங்கெட்டான். இணைவு வளையத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களுக்கு முதிர்ந்த துகளில் பிடி கிடைப்பது கடினம். முதிராத துகளில் எளிது. அதாவது ஒரே சீரம், ஒரே வைரஸ் வகை, ஒரே செல் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும், துகள் தயாரிப்பில் ஃபூரின் எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பொறுத்து டைட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும். ஒரு தொகுதித் துகள்களில் மிகச் சிறப்பாக முடக்கிய ஓர் எதிர்ப்பொருள், அடுத்த தொகுதியில் சோர்ந்துபோனதைப் பார்த்து, எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் அதைப் புதிதாகத் தயாரிப்பதில் செலவழித்திருக்கிறேன். மாறியது துகளின் முதிர்ச்சி. ஃபூரினை மிகையாக உண்டாக்கும் செல்களில் துகளைத் தயாரித்தபின் அந்தச் சிக்கல் அடங்கியது.

இது அறிவிப்புத் துகள்களுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பி.ஆர்.என்.டி.க்கும் எஃப்.ஆர்.என்.டி.க்கும் வைரஸை வளர்க்கப் பலரும் பயன்படுத்தும் சி6/36 கொசுச் செல்களிலும் இந்த வெட்டு அரைகுறையாகவே நடக்கிறது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, டெங்கு 1 நோயாளிகளின் இரத்தத்தில் சுற்றும் வைரஸ் மிக முதிர்ந்தது என்றும், அதே வைரஸை ஆய்வகச் செல்லில் வளர்த்தபின் சோதித்ததைவிட அதை முடக்குவது எதிர்ப்பொருள்களுக்குக் கடினமாக இருந்தது என்றும் காட்டியது. நம் குழியில் நன்றாக முடக்கும் சீரம் நோயாளியின் உடலிலும் அப்படியே முடக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், எந்தச் செல்லில் வளர்த்த வைரஸ் அது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு எடுக்கும் செல்லும் ஒரு தரப்புதான். வீரோ, 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட செல். வைரஸை எதிர்க்கச் செல்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க அதற்குத் தெரியாது. அதனால் வைரஸ் தங்குதடையின்றி வளர்கிறது, பிளேக் அழகாக வருகிறது. அதற்கு எஃப்சி ஏற்பியும் கிடையாது. மனித உடலில் டெங்கு விரும்பித் தொற்றும் நோயெதிர்ப்புச் செல்களான மோனோசைட்டுகளுக்கும் மேக்ரோஃபேஜ்களுக்கும் அந்த ஏற்பி உண்டு. எதிர்ப்பொருள் போதிய அளவுக்கு வைரஸை மூடாவிட்டால், அந்த ஏற்பி எதிர்ப்பொருளின் வாலைப் பிடித்து வைரஸையும் சேர்த்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. தடுக்க வந்ததே தொற்றைப் பெருக்கிவிடுகிறது. வீரோ செல்லில் செய்யும் எந்தச் சோதனையும் இதைக் காட்டாது. யு937 செல்களுக்கு எஃப்சி ஏற்பி இருப்பதால், செல்லளவி முறையில் மட்டும் இதன் சாயல் தலைகாட்டும். மிகவும் நீர்த்த சீரத்தில் தொற்று நூறு சதவீதத்தையும் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, பிழை என்று அந்தப் புள்ளியை அழித்துவிடும் புதியவர்களுக்கு நான் சொல்வது, அதை அழிக்காதீர்கள், அதைத்தான் முதலில் பாருங்கள் என்பதே.

இவ்வளவும் வெறும் ஆய்வகக் குடுமிப்பிடிச் சண்டை இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். முதன்முதலில் உரிமம் பெற்ற டெங்கு தடுப்பூசியை, தாய்லாந்தின் ராட்சபுரி மாகாணத்தில் 4 முதல் 11 வயதுவரையுள்ள 4,002 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. பிளேக் சோதனையில் நான்கு வகைகளுக்கும் எதிராக டைட்டர் உயர்ந்தது. ஆனால் மொத்தப் பாதுகாப்பு 30.2 சதவீதம், டெங்கு 2க்கு எதிராகப் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. குழியில் முடங்கிய வைரஸ் குழந்தைகளிடம் முடங்கவில்லை. ஏற்கெனவே டெங்கு வராத குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போட்டால், பிறகு தொற்று வரும்போது கடுமையான நோய்க்கான ஆபத்து கூடக்கூடும் என்று உற்பத்தி நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. டைட்டருக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். நிகராகுவாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, உயர்ந்த டைட்டர் உள்ளவர்களுக்கு அறிகுறியோடு வரும் டெங்கு குறைவு என்று 2016இல் காட்டியிருக்கிறது. தொடர்பு உண்டு. ஆனால் இயற்கையாகத் தொற்று வந்தவரின் 160ம், தடுப்பூசி போட்டவரின் 160ம் ஒரே பொருள் தருவதில்லை.

காரணத்தில் ஒரு பகுதி, எதிர்ப்பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. ஒரு டெங்கு வகைக்கே உரிய எதிர்ப்பொருளும், நான்கு வகைகளிலும் குறுக்கிடும் எதிர்ப்பொருளும் பிளேக் எண்ணிக்கையில் ஒன்றாகவே கணக்கில் வருகின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: நுண்மணிகளின்மேல் வேறொரு டெங்கு வகையின் துகள்களைப் பூசி, சீரத்தை அதில் ஊறவைத்துக் குறுக்கிடும் எதிர்ப்பொருள்களை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிஞ்சியதை மறுபடி முடக்கச் சோதனைக்கு உட்படுத்துவது. வேலை இரட்டிப்பாகும், இருந்தும் இதைச் செய்யாமல் தடுப்பூசி ஒன்றைப் பற்றி நான்கு எண்களை மட்டும் வரிசையாக எழுதித் தருகிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. ஜிகா பரவிய காலத்திலும் இதே சிக்கல்தான் படுத்தியது. ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு ஜிகா வந்தால் இரண்டுக்கும் எதிராக டைட்டர் ஏறிவிடும். ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்தால் அதுவே புதிய தொற்று என்று கொள்ளும் விதி, அத்தகையவர்களிடம் கைவிட்டுவிடும்.

மாதிரி எடுக்கும் குழாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. டெங்கு வைரஸ் செல்லின் மேலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட்டைப் பிடித்துத்தான் ஒட்டிக்கொள்கிறது. இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் பூசிய குழாயில் எடுத்த பிளாஸ்மாவை முடக்கச் சோதனைக்கு அனுப்பினால், அந்த ஹெப்பாரினே வைரஸைப் பிடித்துவைத்துவிடும். டெங்குவே வராதவரின் மாதிரியும் 1:10, 1:20இல் முடக்குவதுபோல் தோன்றும். ஒரு சேகரிப்பு நிலையத்திலிருந்து வந்த மாதிரிகள் அத்தனையும் அடிமட்ட நீர்த்தலில் முடக்கியதைப் பார்த்து ஒருமுறை நாங்கள் திகைத்திருக்கிறோம். குழாயில் என்ன பூசியிருக்கிறது என்பதைக் காட்டும் மூடி நிறத்தைக் கேட்டபின்தான் விடை கிடைத்தது.

வரைகோட்டின் வடிவத்தை நான் டைட்டருக்கு மேலாக மதிக்கிறேன். இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு 50 சதவீதப் புள்ளி ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று அடர்த்தியைக் கூட்டக் கூட்ட நூறு சதவீத முடக்கத்தை எட்டிவிடும். மற்றது 80ஐத் தொட்டதும் நின்றுவிடும், எவ்வளவு ஊற்றினாலும் மிச்சம் 20 சதவீத வைரஸ் தப்பிவிடும். இணைவு வளைய எதிர்ப்பொருள்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். தப்பியவை முதிர்ந்த துகள்கள். ஒரே எண்ணை மட்டும் எழுதினால் இருவரும் சமம். கோட்டைப் பார்த்தால் சமமே இல்லை. இந்த வகையில் குறை சொல்ல வேண்டியது சோதனை முறையை அல்ல, ஒரு கட்டத்துக்குள் ஒரே எண் மட்டும் நுழையும்படி அச்சிட்ட அறிக்கைத் தாளை.

எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டால், ஒரே ஒரு முறையை மட்டும் நிறுவ வசதியுள்ள ஆய்வகத்துக்கு எஃப்.ஆர்.என்.டி.யையே சொல்வேன். எதிர்ப்பொருள் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று ஆராய்கிறவர்கள் அறிவிப்புத் துகள்களை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு தொகுதியின் முதிர்ச்சியையும் புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பிஆர்எம் பட்டையைப் பார்த்து உறுதி செய்துவிட்டு. செல்லளவியை அது ஏற்கெனவே உள்ளவர்கள் பயன்படுத்தலாம்; இதற்காகவே புதிதாக வாங்குவது வீண். பி.ஆர்.என்.டி.யைக் கைவிடச் சொல்ல மனம் வரவில்லை. பத்துச் சீரத்துக்கு ஒன்றை அதிலும் இன்றுவரை ஓட்டுகிறேன். தடுப்பூசி ஒப்பீடுகளில் பழைய எண்களோடு பேச வேண்டியிருப்பதால் மட்டுமல்ல, குழியில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவும்.

நான் அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையிலும் டைட்டருக்குப் பக்கத்தில் செல்லின் பெயர், வைரஸ் ரகம், அதை வளர்த்த செல், சீரமும் வைரஸும் சேர்ந்திருந்த நேரமும் வெப்பமும், எத்தனை சதவீதக் கோடு, வைரஸ் சேர்க்கும் முன்பிருந்த நீர்த்தலா பின்பிருந்த நீர்த்தலா என்பவை இடம்பெறுகின்றன. பெறுகிறவர்களில் பாதிப்பேர் இவ்வளவு எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே கட்டுப்பாட்டுச் சீரத்தைச் சிறு குப்பிகளில் பிரித்து உறையவைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு குப்பியை உருக்கிச் சேர்த்து, வந்த டைட்டரை உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் பேனாவால் குறித்துவிடுவது வழக்கம். அந்தப் புள்ளி மேலேயோ கீழேயோ இரண்டு மடங்குக் கோட்டைத் தாண்டிவிட்டால், மற்ற சீரங்களின் எண்கள் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், அன்றைய தட்டுகள் அனைத்தும், கழிவை நீராவியில் அவித்துக் கிருமியழிக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகின்றன.